மழையில நண்டுக்குப் போறவன் என்ன போட்டுக்கணும்?

ஐப்பசி மழை பிடிச்சுட்டா எங்க டெல்டா பக்கம் ராத்திரியில வயக்காடு முழுக்க டார்ச் வெளிச்சம் நகரும். மடை பார்க்கப் போறவங்க பாதி, நண்டுக்கும் ஏத்து மீனுக்கும் போறவங்க பாதின்னு நினைப்பீங்க. ரெண்டும் ஒரே ஆளுங்கதான். தோள்ல மண்வெட்டி, இடுப்புல பறி. சம்பாப் பயிர் முழுகாம இருக்க வரப்பை வெட்டித் தண்ணியை வடிய விடணும். வெட்டின வாயில எதிர்த்து ஏறி வர்ற கெண்டையும் கெளுத்தியும் அந்த வேலைக்கான கூலி. நண்டைப் பிடிக்கிறது ரசத்துக்காக மட்டும் இல்ல. வளை தோண்டி வரப்பை ஒழுக விடறதே அதுதான். முயல், கவுதாரியெல்லாம் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு; தொடக் கூடாது. எங்க வேட்டை இவ்வளவுதான்.

பெங்களூருல வேலை பார்க்கிற அக்கா மகன் ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஜாக்கெட் வாங்கிட்டு வந்தான். மலையேறுறவங்க போடறது. "மாமா, மழைத் தண்ணி உள்ள வராது, வேர்வை மட்டும் ஆவியா வெளிய போயிடும்"னான். துணி நல்ல துணிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த வித்தை நடக்க உள்ளே ஈரம் அதிகமாவும் வெளியே ஈரம் கம்மியாவும் இருக்கணும். குளிர்ப் பிரதேசத்துல அது சரி. எங்க ஊர் அடைமழையில வெளிக்காத்தே ஈரத்துல ஊறிக் கிடக்கு, புழுக்கம் வேற. ஆவி எங்க போகும்? மண்வெட்டியைப் பத்து தடவை போட்டா உள்ளுக்குள்ள வேர்வை மழை.

அப்பா காலத்துல கொங்காணிதான். கொங்கு நாட்டுல கொங்காடைம்பாங்க. சாக்கோட அடி மூலை ஒண்ணை உள்பக்கமா தள்ளி, இன்னொரு மூலைக்குள்ள செருகிட்டா கூம்பு மாதிரி குல்லா வந்துடும். தலையில மாட்டினா முதுகு வழியா முழங்கால் வரைக்கும் தொங்கும். முன்பக்கம் திறந்தே இருக்கும். நடவு நடறவங்களும் களை எடுக்கறவங்களும் குனிஞ்சுதானே நிக்கணும்? மழை விழறது முதுகுலதான். அதை மட்டும் மறைச்சுட்டு கையை விட்டுட்டாங்க. நண்டு வளையில கைவிடறவனும் அதே குனிவுதான். சணல் சாக்கு நனைஞ்சா கனக்கும், நாறும், ஆனா கதகதன்னு இருக்கும்.

இப்போ சணல் சாக்கு கிடைக்கறது அபூர்வம். யூரியா மூட்டைதான் கொங்காணி. யூரியா காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும்ங்கறதால உள்ளே பாலித்தீன் பையோட வர்ற மூட்டை உண்டு. அதை நல்லா அலசிட்டு மடிச்சா ஒரு சொட்டு இறங்காது. எடையும் இல்ல.

ஆனா எல்லாத்தையும் விட முக்கியமா நான் பார்க்கிறது காதை.

பிளாஸ்டிக் குல்லாவை இறுக்கிக் கட்டிக்கிட்டு மழையில நில்லுங்க. தகரக் கொட்டாய்க்குள்ள நிக்கற மாதிரி சடசடன்னு ஒரே சத்தம். வேற எதுவும் கேக்காது. போன கார்த்திகையில பங்காளி மகன் வண்டிக்குப் போடற ரெயின்கோட்டோட முன்னாடி போறான், நான் கொங்காணியைப் பின்னுக்குத் தள்ளிட்டுப் பின்னாடி போறேன். வரப்பு ஓரம் குக்கர் ஆவி விடற மாதிரி ஒரு சீறல். கண்ணாடி விரியன். அவன் பாட்டுக்கு நடக்கறான். கத்தினேன், அதுவும் அவனுக்குக் கேக்கல. சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தேன். ரெண்டு பேரும் சேத்துல விழுந்தோம். அது அவன் கால் வைக்க இருந்த இடத்துலயே சுருண்டு கிடந்தது. அவனுக்கு ஒண்ணரை வயசுல பொண்ணு இருக்கு. வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல.

கட்டுவிரியன் அப்படிச் சத்தம் போட்டு எச்சரிக்காது. அதுக்கு டார்ச்தான் துணை. அதனால கண்ணும் மறையக் கூடாது. குல்லாவுக்குப் பதிலா முன்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற தொப்பி போதும். துளி கண்ணுல அடிக்காது, காது திறந்திருக்கும்.

ஆக, என்னோட தேர்வு இதுதான். தலைக்குத் தொப்பி. உடம்புக்கு முழங்கால் வரைக்கும் வர்ற, ரெண்டு பக்கமும் திறந்த போர்வை மாதிரி மழைக்கோட்டு. இல்லேன்னா யூரியா கொங்காணி. ரெண்டுலயும் காத்து புகுந்து வரும், வேர்வை தேங்காது. நிறம் மஞ்சள், இருட்டுல ரோட்டைத் தாண்டறப்ப லாரிக்காரர் கண்ணுல படணும். கீழே டவுசர். கால் நனையத்தான் செய்யும், நனையட்டும். முட்டி வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் வரப்புல நடக்கறப்ப பாம்புக்கு நல்ல காப்பு. ஆனா சேத்துல இறங்கினா கால் மட்டும் வெளிய வரும், பூட்ஸ் வயலோட தங்கிடும். கழட்டி மேட்டுல வெச்சுட்டுத்தான் இறங்கணும்.

குடை வேண்டாம். ஒரு கையை அது பிடிச்சுக்கும். அதோட வெட்டவெளி வயல்ல உசரமா நிக்கறது நாம மட்டும்தான். இடி கேட்டுட்டாலே மின்னல் எட்டற தூரத்துல இருக்குன்னு அர்த்தம். அப்போ எந்தக் கோட்டும் காப்பாத்தாது. நண்டு நாளைக்கும் இருக்கும்னு வீட்டுக்குத் திரும்பறதுதான்.

கடையில போய்க் கேட்டா, "நனையவே மாட்டீங்க சார்"னு சொல்லித்தான் விப்பாங்க. வயல்ல நனையாம யாரும் இருந்ததில்ல. முதுகும் நெஞ்சும் குளிராம, கை ரெண்டும் சும்மா இருந்து, காது கேட்டா அது நல்ல மழைக்கோட்டு.