இரும்பில் ஓர் அமானிதம்

திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் 'அல்ஹதீத்', அதாவது 'இரும்பு' என்னும் பெயர் கொண்டது. அதன் 25ஆம் வசனம் இரும்பின் கடும் வலிமையையும், மாந்தர்க்கு அதனால் விளையும் பயன்களையும் ஒருசேரக் குறிப்பிடுகிறது. பழைய ஜப்பானிய வாள்களின் கைக்காப்பைக் கையிலேந்தும்போதெல்லாம் அவ்வசனம் எங்கள் நினைவுக்கு வரும். 'ட்சுபா' எனப்படும் அக்காப்பு, வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் இடையே பொருந்தும் ஒரு தட்டு. ஏழெட்டு சென்டிமீட்டர் குறுக்களவே உடையது. போர்க்கருவியின் உறுப்புதான், எனினும் அதன் வேலை வெட்டுவதன்று, பிடித்த கை அலகின்மேல் வழுக்காமல் காப்பது.

கோபே நகரில் வாழும் நாங்கள், கணவனும் மனைவியுமாக, சில ஆண்டுகளாக இரும்புக் காப்புகளைச் சேர்த்து வருகிறோம். ஒவ்வொரு மாதமும் 21ஆம் நாள் கியோத்தோவின் தோஜி ஆலய வளாகத்தில் பழம்பொருள் சந்தை கூடும். வழிபாட்டுப் பக்கம் நாங்கள் செல்வதில்லை; கடைகளோடு திரும்பிவிடுவோம். 1876இல் அரசு பொதுவிடங்களில் வாளணியத் தடைவிதித்தபோது காப்புகள் செய்த கைவினைஞர் பலர் பிழைப்பிழந்தனர். அவர்கள் ஆக்கிய பொருள்கள் உலகெங்கும் சிதறின. மிஞ்சியவை இன்றும் பழந்துணிகளுக்கும் தேநீர்க் கிண்ணங்களுக்கும் நடுவே கிடக்கின்றன.

எதை வாங்குவது என்பதில் மார்க்கம் எங்களுக்கு வரம்பு வகுத்தது. மனித உருவங்கள், பறவநாகங்கள், புத்தர் சிலைகள், சிலுவைகள் பொறித்தவற்றை நாங்கள் தொடுவதில்லை. உருவங்கள் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலான பக்கத்தையே தெரிந்துகொண்டோம். எஞ்சியது 'சுகாஷி' எனும் துளைவேலைப்பாடு. அடித்துத் தட்டையாக்கிய இரும்பை உளியாலும் அரத்தாலும் குடைந்து, வேண்டாத பகுதியை நீக்கி, வெற்றிடத்தாலேயே வடிவம் தோன்றச் செய்யும் கலை அது. ஓவாரிப் பகுதிக் காப்புகள் தடித்து உறுதியாக நிற்கும்; கியோத்தோவினுடையவை மெலிந்து நயமாயிருக்கும். சக்கரம், பூவிதழ், சுருண்ட பெரணித் தளிர் என அவ்வடிவங்களுக்கு முடிவில்லை. பறக்கும் வாத்துகளின் நிழலுருவம் மட்டும் குடைந்த காப்பு ஒன்று எங்களிடையே நெடிய விவாதத்தைக் கிளப்பியது. கண்ணுமில்லை, இறகுமில்லை, வெறும் துளைதானே என்று ஒருவர்; துளையாயினும் பறவை பறவைதான் என்று மற்றவர். இன்றளவும் முடிவாகவில்லை. காப்பை வேறு யாரோ வாங்கிச் சென்றுவிட்டார்.

உண்மையில் இப்பொருளின் உயிர் அதன் மேற்பரப்பில் இருக்கிறது. நன்கு பேணப்பட்ட இரும்பு, கருமையோடு ஊதா கலந்த பழுப்பில் மெல்ல ஒளிரும். அக்கருந்துரு இரும்பைக் காக்கும், செந்துருவோ அரிக்கும். செந்துருவை மான்கொம்பு முனையாலோ எலும்பாலோ பொறுமையாகச் சுரண்டி, பருத்தித் துணியால் நாள்தோறும் தேய்க்க வேண்டும். உப்புத்தாளும் அமிலமும் நூற்றாண்டுகளின் நிறத்தை ஒரே பொழுதில் அழித்துவிடும். விளிம்பில் ஆங்காங்கே கடினமான எஃகு மணிகள் புடைத்திருந்தால் அதை 'தெக்கொட்சு', இரும்பெலும்பு என்பர். பழையோர் அதைப் பெரிதும் விரும்புவர். வார்ப்பில் எடுத்த போலிகளில் துளைகளின் உட்சுவரிலே அச்சுக்கோடு தென்படுவதுண்டு. ஆதலால் முகப்பை விடத் துளைகளின் உட்புறத்தையே நாங்கள் முதலில் பார்ப்போம்.

சேர்த்து வைப்பவை ஒரு பெட்டியிலும், விற்கவென்றே வாங்கியவை மற்றொரு பெட்டியிலும் இருக்கும். இரண்டாம் பெட்டியில் சக்கர வடிவக் காப்பு ஒன்று உண்டு. அதை எங்களுக்கு விற்ற முதியவர், நாங்கள் கேளாமலே, "இது ஒருமுறை நெருப்பில் பட்டது, இந்நிறம் பிற்காலத்தில் ஏற்றியது" என்று கூறி விலையைக் குறைத்தார். அவர் சொல்லியிராவிட்டால் நாங்கள் கண்டறிந்திருக்க மாட்டோம்.

சென்ற ஆண்டு ஒருவர் அதை மிக விரும்பிக் கேட்டார். அவர் சொன்ன தொகை, ஊரிலுள்ள உம்மாவின் உம்ராப் பயணத்திற்கு நாங்கள் சேர்த்துவந்த பணத்தில் குறைந்திருந்த பகுதியை ஏறத்தாழ நிரப்பியிருக்கும். மேலே உலர்ந்த தானியத்தை வைத்து நனைந்ததை அடியில் மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி எல்லோரும் அறிந்ததே. ஆனால் கையில் பணம் கண்ணெதிரே நிற்கும்போது அந்தச் செய்தி எவ்வளவு கனமானது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். "அவர் கேட்கவில்லையே" என்ற எண்ணம் எங்கள் இருவருக்குமே வந்தது. பிறகு முதியவர் சொன்னதை அப்படியே சொன்னோம். அவர் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றி கூறிக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

உம்மாவிடம் பயணம் தள்ளிப்போவதை மட்டும் தெரிவித்தோம். "அல்லாஹ் நாடும்போது போய்க்கொள்கிறேன், வாப்பா" என்றார்கள். ரமளானில் ஸகாத் கணக்கெழுத அமர்ந்தபோது, விற்பனைச் சரக்கென்பதால் அந்தச் சக்கரக் காப்பையும் அன்றைய சந்தை விலையில் சேர்த்தோம். நெருப்புப் பட்டதற்கான விலையில்.