தங்கக் குதிரையும் இரண்டு நாணயங்களும்

திருச்சிக்காரர்களுக்குத் தங்கக் குதிரை ஒன்றும் புதுசு இல்லை. ஸ்ரீரங்கத்தில் இராப்பத்து எட்டாம் நாள் வேடுபறிக்கு நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில்தான் வருவார். அது மனிதன் செய்த குதிரை. நிஜக் குதிரையிலும் தங்க நிறம் உண்டு என்பது தெரியுமா? பளபளக்கும் மஞ்சள் உடம்பு, வெள்ளைப் பிடரி, வெள்ளை வால். பாலோமினோ என்பார்கள்.

ஏதோ கூடுதலாகக் கிடைத்த நிறம் மாதிரி தெரியும். உண்மை நேர் எதிர். இருந்த நிறம் குறைந்து போனதால் வந்ததுதான் இந்தத் தங்கம்!

குதிரையின் மயிரில் இரண்டே சாயங்கள். கறுப்புக்கு யூமெலனின் என்று பெயர், சிவப்புக்கு ஃபியோமெலனின். இவற்றை நீர்க்க வைக்கும் ஜீன்கள் சில உண்டு. அதில் பிரபலமானது க்ரீம் ஜீன். 2003-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் இதைக் குதிரையின் 21-வது குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். ஜீனின் பெயர் எஸ்.எல்.சி.45ஏ2. அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லா ஜீனும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டாக வரும். க்ரீம் ஒன்று மட்டும் வந்தால், டிகாஷனில் கொஞ்சம் பால் விட்ட மாதிரி. செவலைக் குதிரை தங்கமாகிவிடும். கறுப்புக் குதிரையில் ஒன்று இருந்தாலோ கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. இரண்டும் வந்துவிட்டால் முழுக்கப் பால்தான். உடம்பு வெளிர் க்ரீம், தோல் ரோஸ், கண் நீலம். செவலையில் இப்படி ஆனால் அதற்கு க்ரெமெல்லோ என்று பெயர்.

இப்போது ஒரு கணக்கு. தங்க ஆண், தங்கப் பெண் இரண்டையும் சேர்த்தால் குட்டி தங்கமாகத்தானே பிறக்கும்? இல்லை. இரண்டு நாணயங்களைச் சுண்டிப் பாருங்கள். நான்கில் ஒரு பங்கு செவலை, இரண்டு பங்கு தங்கம், ஒரு பங்கு க்ரெமெல்லோ. ஒவ்வொரு குட்டிக்கும் புதிதாகச் சுண்ட வேண்டும். நிச்சயமாகத் தங்கம்தான் வேண்டும் என்றால் செவலையையும் க்ரெமெல்லோவையும் சேர்க்க வேண்டும். தங்கமே இல்லாத இரண்டு குதிரைகளிடமிருந்துதான் தங்கத்துக்கு உத்தரவாதம்!

சரி, இதனால் யாருக்கு என்ன லாப நஷ்டம்? இருக்கிறது.

அரியமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ரோட்டில் பேண்டு வாத்தியத்தோடு வெள்ளைக் குதிரை வருகிறது. பார்ப்பவர்களுக்கு எல்லாமே வெள்ளைக் குதிரைதான். ஆனால் வெள்ளையில் பல வகை. ஒன்று, கருமையாகவோ சிவப்பாகவோ பிறந்து வருஷா வருஷம் நரைத்து வெளுத்தது. அதற்குத் தோல் கறுப்பு, வெயில் தாங்கும். ஆனால் 15 வயதைத் தாண்டினால் பெரும்பாலானவற்றுக்கு மெலனோமா கட்டிகள் வருகின்றன. இன்னொன்று பிறவியிலேயே வெள்ளை. அதன் தோல் ரோஸ். க்ரெமெல்லோவுக்கும் ரோஸ் தோல்தான். சித்திரை மாதத் திருச்சி வெயிலில் மூக்கும் கண்ணோரமும் வெந்து போகும். நிழலும் தண்ணீரும் இல்லாமல் மத்தியானம் நிறுத்தி வைத்தால் அந்த அழகுக்கு விலை கொடுப்பது குதிரைதான்.

நிறத்தைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. 1951-ல் ரேவா மகாராஜா மோகன் என்ற வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்தார். வெள்ளைக் குட்டிகள் வேண்டும் என்று மோகனை அதன் மகளான ராதாவோடேயே சேர்த்தார்கள். 1958-ல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அந்தப் பரம்பரையில் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் தொடர்ந்தது. வெள்ளை நிறத்தோடு மாறுகண் போன்ற குறைகளும் கூடவே வந்தன. ஆச்சரியம் என்னவென்றால், புலியை வெளுக்க வைத்ததும் அதே எஸ்.எல்.சி.45ஏ2 ஜீன்தான். மாற்றம் மட்டும் வேறு இடத்தில். இது தெரிய வந்தது 2013-ல்.

நிறத்துக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. குளம்பு உறுதியா, கால் நேரா, மூச்சு சீரா என்பதை எந்த நிறமும் சொல்லாது. ஈரோடு மாவட்டத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போனால் விதவிதமான குதிரைகளைப் பார்க்கலாம். கண்ணை முதலில் இழுப்பது நிறம்தான்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரைக்கு அந்தச் சலுகை இல்லை. பல்லையும் பாருங்கள், காலையும் பாருங்கள், வெள்ளையாக இருந்தால் தோலையும் பாருங்கள். நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அது இரண்டு நாணயம் சுண்டியதில் விழுந்தது, அவ்வளவுதான்.