இருதயம் சொன்ன புத்தி

ஈரத் துணி வாளியோடு மாடி ஏறினால் போதும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். "வயசாச்சில்லையா" என்று நானே சமாதானம் சொல்லி ஆறு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் கண் இருண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் பெண் விடாப்பிடியாக டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள்.

நாடி நிமிஷத்துக்கு 112. ஹீமோகுளோபின் வெறும் 7. பெண்களுக்கு 12 ஆவது இருக்க வேண்டுமாம்.

"இருதயம் நல்லாத்தாம்மா இருக்கு. ரத்தத்திலேதான் சத்து இல்லே" என்றார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இருதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறதாம். அந்த ரத்தம் பிராணவாயுவைக் குறைவாகச் சுமந்தால், ஈடுகட்ட இருதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. "பை சின்னதா இருந்தா கடைக்கு ரெண்டு நடை நடக்கணுமில்லே, அது மாதிரி!"

இன்னொன்றும் சொன்னார். சுருங்கும்போது உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்பும் இருதயம், தன் தசைக்கு வேண்டியதைப் பெரும்பாலும் தளரும்போதுதான் பெறுகிறதாம். துடிப்பு வேகமானால் அந்த ஓய்வு குறைந்துவிடும்.

எனக்குச் சுருக்கென்றது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் மீதியை நின்றபடி விழுங்கும் என் கதையல்லவா அது! மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போனதைக்கூட வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மா கேட்ட பிறகுதான் வாய் திறந்தேன்.

அதற்கும் வைத்தியம் நடந்தது. இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பியோடு சேர்க்காமல் விழுங்கினேன். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11 ஆனது. நாடி 80க்கு இறங்கியது.

சகோதரிகளே, படபடப்புக்கு நீங்களே காரணம் கற்பிக்காதீர்கள். டாக்டரிடம் போய் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். சாப்பாட்டையும் கொஞ்சம் உட்கார்ந்து சாப்பிடுங்கள்!