கங்கைக்கு ஜிலேபிக் கெண்டை வந்த வழி

பிரயாக்ராஜ் பகுதியில் கங்கையிலும் யமுனையிலும் வலை வீசுவோருக்கு இன்று தாராளமாகக் கிடைப்பவை ஜிலேபிக் கெண்டை எனும் திலேப்பியாவும் சாதாக் கெண்டையும். இரண்டும் வந்தேறிகள். பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் இரண்டுக்கும் இடமில்லை.

சாதாக் கெண்டையின் பூர்வீகத்தைத் தேடுவதில் சிரமமில்லை. அதன் ஒரு வகை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. வெப்பம் தாங்கும் வகை 1957இல் பாங்காக்கிலிருந்து வந்தது. வளர்ப்புக் குளங்கள் நிறைந்தன. குளங்கள் உடைந்த மழைக்காலங்களில் ஆறுகளும் நிறைந்தன.

ஜிலேபிக் கெண்டைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் தொடங்குகிறது. 1952இல் அங்கே கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா தென்னிந்தியக் குளங்களிலும் அணைகளிலும் விடப்பட்டது. அது பெருகிய வேகத்தைக் கண்டு 1959இல் அதைப் பரப்பத் தடை வந்தது. கங்கையில் இருப்பது அந்த மீனின் வாரிசுதான் என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் வால் துடுப்பு வேறு சாட்சி சொல்கிறது. கங்கை மீனின் வாலில் குறுக்குக் கோடுகள் வரிசையாக ஓடுகின்றன. அவை நைல் திலேப்பியாவின் அடையாளம். மொசாம்பிக் இனத்துக்கு அந்தக் கோடுகள் கிடையாது. எனவே இந்த வழக்கில் மண்டபத்துக்கு விடுதலை.

நைல் திலேப்பியா இந்தியாவுக்கு வந்தது 1970களின் இறுதியில். ஆற்றில் அது முதலில் எந்த ஆண்டு சிக்கியது? மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) சந்தைக்கு வரும் மீனைப் பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுத்துவருகிறது. இப்படியொரு நீண்ட பதிவு இந்திய ஆறுகளில் அபூர்வம். ஆனால் பழைய அட்டவணைகளில் இருக்கும் பிரிவுகள் நான்கு: பெருங்கெண்டைகள், கெளுத்தி இனங்கள், உல்லம், மற்றவை. புதிதாக வரும் எந்த மீனும் முதலில் விழுவது ‘மற்றவை’யில். அயல் மீன்களுக்குத் தனிப் பத்தி தேவைப்பட்டபோது அவை ஏற்கெனவே பெருகியிருந்தன. ஒரு புள்ளிவிவரப் பிரிவு இவ்வளவு பெரிய கதையை விழுங்கியிருப்பது எரிச்சலூட்டுவதுதான். அனுமதியில்லாப் பண்ணைகளிலிருந்து ஆற்றுக்குத் தப்பி வந்திருக்கக்கூடிய மீனுக்கு வேறு காகிதச் சான்றை எதிர்பார்க்கவும் முடியாது.

யார் கொண்டுவந்தது என்பதைவிட, வந்த மீன் ஏன் நிலைத்தது என்ற கேள்விக்கு ஆறே தெளிவாகப் பதில் வைத்திருக்கிறது. ரோகுவும் கட்லாவும் முட்டையிட வெள்ளம் வேண்டும். நீர் கரை தாண்டிப் பரவ வேண்டும். ஆனால் ஹரித்துவாரில் 1854 முதலும், பின்னர் நரோராவிலும் கால்வாய்களுக்குத் தண்ணீர் திருப்பப்படுகிறது. 1975இல் பயன்பாட்டுக்கு வந்த ஃபராக்கா தடுப்பணை, கடலிலிருந்து ஏறி வந்த உல்லத்தின் வழியை மறித்தது. திலேப்பியாவுக்கோ வெள்ளமே வேண்டாம். தேங்கிய நீரில் குழி பறித்து முட்டையிடும். தாய் அவற்றை வாயில் வைத்துக் காக்கும். அணையோடு அழுக்கும் சேர்ந்தது. டெல்லியில் வஜீராபாத் முதல் ஓக்லா வரையிலான 22 கி.மீ. யமுனையின் நீளத்தில் 2 சதவீதம்கூட இல்லை. ஆற்றின் மாசில் ஏறக்குறைய 80 சதவீதம் சேர்வது அங்கேதான். கழிவால் ஆக்சிஜன் குறையும் நீரில் பெருங்கெண்டைகள் திணறும். திலேப்பியா மேற்பரப்புக்கு வந்து சமாளித்துக்கொள்ளும். அழுக்கும் அணையும் காலிசெய்த வீட்டில்தான் அது குடியேறியது; நாட்டு மீன்களைத் துரத்திய பழி முழுவதையும் அதன் தலையில் போடுவது நியாயமில்லை.

இந்த விலக்கு எல்லா வந்தேறிக்கும் பொருந்தாது. 2020இல் வாரணாசி அருகே சிக்கிய ‘டேங்க் கிளீனர்’ மீன் தென் அமெரிக்க இனம். அது வந்த வழியில் மர்மமில்லை: வீட்டு மீன் தொட்டி. அதன் முட்கள் வலையைக் கிழிக்கும்; சந்தையில் விலை போகாது; வயிற்றால் காற்றைச் சுவாசிப்பதால் சாக்கடை நீரிலும் சாகாது. தொட்டிக்குள் அடங்காத அளவு வளர்ந்த மீனை ஆற்றிலோ ஏரியிலோ விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.