நத்தை ஆற்றிலிருந்து சிப்பாங் வரை

மலாய் மொழியில் சிப்புட் என்றால் நத்தை. நத்தை ஆறு என்று பெயர் வைத்த ஊரிலிருந்து ஒருவன் பந்தயத் தடத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு போகிறான் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். தேநீர்க் கடையில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், "மைவிய வெச்சிக்கிட்டா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

கார் என்னுடையதல்ல. அக்கா மகனுடையது. 26 வயது. ஈப்போவில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை அந்த மைவிதான் அவனைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறது. கடன் இன்னும் 4 ஆண்டுகள் பாக்கி.

சிப்பாங் போகலாம் என்று சொன்னது அவனல்ல, நான்தான். அதற்குக் காரணம் சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் அக்காவிடமிருந்து வந்த அழைப்பு. ஈப்போவுக்குப் போகும் பழைய சாலையில் பையன்கள் நான்கு பேர், இரண்டு கார். ஒரு கார் கால்வாயில் இறங்கிவிட்டது. எங்கள் பையன் அடுத்த காரில் இருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் நண்பன் இடுப்பெலும்பு முறிந்து பல மாதம் படுக்கையில் கிடந்தான். இன்றைக்கும் ஊன்றுகோல் வைத்துத்தான் கோயிலுக்கு வருகிறான்.

திட்டினேன். அக்கா அழுதார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஆனால் அந்த ஆசை போகவில்லை என்பது அவன் கண்ணில் தெரிந்தது. எனக்கும் ஒரு காலத்தில் அது இருந்தது. நான் வண்டி பழகியது தோட்டத்துச் செம்மண் பாதையில், அப்பா ஓட்டிய பழைய லோரியில். இரு பக்கமும் ரப்பர் மரம். எதிரே யாரும் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் மிதித்திருக்கிறேன். அதே பாதைகளில் இப்போது செம்பனை லோரிகள் ஓடுகின்றன, லயங்கள் இருந்த இடத்தில் தாமான் வீடுகள் வந்துவிட்டன. நம்பி மிதிக்க இடமில்லை.

அதனால் ஒரு பேரம் பேசினோம். முறையான தடத்தில், முறையாகத் தயார் செய்த காரில், ஒரு நாள். அதன்பிறகு சாலையில் அந்த வேலையே கூடாது. அக்கா இரண்டு நிபந்தனை போட்டார்: மாமா கூடப் போக வேண்டும், கார் முழுசாகத் திரும்பி வர வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை விளையாட்டல்ல. நம் வீட்டுக் கார்களுக்கு நாம் எடுக்கும் சாதாரணக் காப்புறுதி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. தடத்தில் சுவரில் மோதினால் செலவு முழுக்க நம் தலையில். கார் இரும்புக் கடைக்குப் போனாலும் வங்கிக்கு மாதாமாதம் கட்டியே ஆக வேண்டும். துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர் எங்கள் ஊர். 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அப்பாவும் கட்டினார். மாதத் தவணை என்றால் எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

தடத்துக்குப் போகும் கார் என்றதும் பெரிய புகைக்குழாயும் பின்னால் இறக்கையும்தான் பலர் மனத்தில் வரும். ஊரில் எங்களுக்குத் தெரிந்த பட்டறைக்கார அண்ணன் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "பிரேக் எண்ணெய் எப்பம்மா மாத்தின?" என்றுதான். பையனுக்குத் தெரியவில்லை. எனக்கும் என் காரில் எப்போது மாற்றினேன் என்று தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

அண்ணன் விளக்கினார். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அது 140 வரை இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரமேறினால் 155. ஊருக்குள் ஓட்டும்போது இது ஒரு பொருட்டே இல்லை. தடத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் ஓங்கி மிதிக்கும்போது எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. மிதி தரை வரை போகும், கார் நிற்காது.

அன்று சாயங்காலம் பழைய எண்ணெயை எடுத்துவிட்டு டாட் 4 ஊற்றினோம். நான் உள்ளே உட்கார்ந்து மிதியை அமுக்கிப் பிடிக்க, பையன் சக்கரத்துக்கு உள்பக்கமிருந்த சிறு திருகைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் எண்ணெய் வந்ததும் மூடினான். "அமுக்கு." "பிடிச்சிருக்கேன்." "விடு." நான்கு சக்கரத்துக்கும் இதே பல்லவி. பழைய எண்ணெய் வறக்கோப்பி நிறத்தில் வந்தது.

பிரேக் பேட் புதிது போட்டோம். இஞ்சின் எண்ணெயையும் ரேடியேட்டர் நீரையும் பார்த்தோம். எங்காவது ஒரு சொட்டு கசிந்தாலும் தடத்தில் விடமாட்டார்கள், பின்னால் வருகிறவன் அதில் வழுக்குவான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். இதைப் படித்துக் காட்டியதும் பையன் அக்கம்பக்கத்துக் கார்களுக்கெல்லாம் வயது பார்க்கத் தொடங்கிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் டயருக்கு வயது ஒன்பது. அவரும் மறுநாளே கடைக்குப் போனார்.

காரைக் காலி செய்வதுதான் பெரிய வேலை. இருக்கைக்கு அடியிலிருந்து குடை, சில்லறை, ஒற்றைச் செருப்பு, எப்போதோ காணாமல் போன அக்காவின் மூக்குக் கண்ணாடி. திரும்பும் வேகத்தில் உருண்டு மிதிக்கு அடியில் போய்விட்டால் ஒரு தண்ணீர்ப் போத்தல் போதும் ஆளைக் கொல்ல. முன்பக்கத்தில் ஒட்டியிருந்த பிள்ளையாரிடம் வந்தபோது பையன் என்னைப் பார்த்தான், நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவே மெதுவாகப் பெயர்த்தெடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, "என் கைப்பையில இருக்கட்டும். வந்ததும் திரும்ப வெச்சிடணும்" என்றார்.

எடுத்துப்போக வேண்டியவை ஒரு மூலையில் குவிந்தன. ஜாக்கி, தாங்கிக் கட்டைகள், சக்கர நட்டுகளைச் சரியான அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச், காற்று அளவி, ஒரு லிட்டர் இஞ்சின் எண்ணெய், மீதி டாட் 4 போத்தல், அந்தக் கண்ணாடிக் குழாய், தார்ப்பாய், மடக்கு நாற்காலி, பெரிய குடை. முகம் மூடும் தலைக்கவசம், பருத்தியில் முழுக்கைச் சட்டை, மூடிய காலணி. காரின் கருவிப் பையில் ஓர் இழுவைக் கொக்கி இருக்கும். முன் பம்பரில் சிறு மூடியைக் கழற்றி அதைத் திருகிப் பொருத்த வேண்டும். கார் நின்றுவிட்டால் அதைப் பிடித்துத்தான் இழுப்பார்கள். ஐந்து வருடம் ஓட்டியவனுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியவில்லை. அக்கா பங்குக்குப் புளிச்சோறு, அவித்த முட்டை, உப்புச் சர்க்கரைத் தூள் கலக்க 10 லிட்டர் தண்ணீர். இஞ்சினைவிட மனிதன்தான் முதலில் சூடாவான் என்று பட்டறை அண்ணன் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அவன் தூங்கட்டும் என்று நானே ஓட்டினேன். ஊரைவிட்டு வெளியே வரும்போது லிந்தாங் போகும் பக்கம் இருட்டாகக் கிடந்தது. அந்தத் திசையில்தான் எல்பில் தோட்டம். 1948 ஜூன் 16 காலையில் அங்கும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு, நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீண்டது. அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்தால் யாரும் ரோட்டுக்கு வரமாட்டார்கள் என்று அப்பா சொல்வார். நள்ளிரவில் இந்தச் சாலையில் நம் பையன்கள் பந்தயம் விடுவதைக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

கால்வாய் இருந்த இடத்தைக் கடந்தபோது அவன் தூங்கவில்லை என்று தெரிந்தது. இருவரும் பேசவில்லை.

ஈப்போவில் நெடுஞ்சாலை ஏறி, தாப்பா, தஞ்சோங் மாலிம் தாண்டி, விமான நிலையத்தை ஒட்டிய சிப்பாங்கை அடையும்போது சுமார் 300 கிலோமீட்டர். 1999-இல் திறந்த தடம். 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்தது. 2005-இல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் இங்கே ஓட்டி 11-ஆவதாக வந்தார். தொலைக்காட்சிக்கு முன்னால் கூடியிருந்த எங்களுக்கு அது முதலிடம் மாதிரிதான்.

பிட் வரிசையில் எங்கள் மைவிக்கு இரு பக்கமும் பெரிய கார்கள். கூச்சமாக இருந்தது. பரிசோதனைக்கு வந்த அதிகாரி கொக்கியை இழுத்துப் பார்த்தார், பேட்டரி ஆடுகிறதா என்று அசைத்தார், சரி என்றார். பக்கத்துப் பெரிய கார் ஒன்று எண்ணெய் கசிந்து அங்கேயே நின்றுவிட்டது. பொறுப்பு எங்களுடையதே என்று கையெழுத்து வாங்கினார்கள். கொடிகளை விளக்கினார்கள். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக்கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழிவிடு. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாக உள்ளே வா. எங்கள் பையனுக்கு அன்று அதிகம் காட்டப்பட்டது நீலம்.

ஒரு சுற்றுக்கு அவனுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. நேர்ப்பாதையில் என்னைக் கடந்து முதல் வளைவுக்குள் மறைந்துவிடுவான். அப்புறம் அவ்வளவுதான். சத்தம் மட்டும் வரும், அதுவும் எந்தக் காருடையது என்று தெரியாது. அக்கா அன்றிரவு தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருந்திருப்பார் என்பது அந்த மூன்று நிமிடங்களில்தான் எனக்கு உறைத்தது.

முதல் ஓட்டம் முடிந்து வந்தவன் கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் கைப்பிரேக்கைப் போடப் போனான். கத்தினேன். கொதிக்கிற பிரேக்கை அழுத்தி வைத்தால் கெட்டுவிடும், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். காலையில் 220 கிலோபாஸ்கல் இருந்த டயர் காற்று 260 ஆகியிருந்தது. கொஞ்சம் இறக்கினோம். இரண்டாவது ஓட்டம் இன்னும் நன்றாகப் போனது. வேகத்தைவிட, எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே பார்ப்பது என்றுதான் பேசிக்கொண்டே இருந்தான்.

மூன்றாவது ஓட்டம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. மற்றவர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மைவி மெதுவாகப் பிட்டுக்குள் வந்தது. தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே, "மிதி ஆழமாப் போவுது, மாமா" என்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கொடியும் காட்டவில்லை.

ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். புளிச்சோறு சாப்பிட்டோம். பிறகு தார்ப்பாயை விரித்து, நான் உள்ளே உட்கார, அவன் கீழே படுத்தான். "அமுக்கு." "பிடிச்சிருக்கேன்." கண்ணாடிக் குழாயில் குமிழி குமிழியாக வந்தது. கொண்டுபோன டாட் 4 போத்தல் காலியாகும்போது மிதி பழையபடி உறுதியாக நின்றது. பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது.

இன்னும் ஓர் ஓட்டம் பாக்கி, பணமும் கட்டியாகிவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. அவன் பேடைப் பார்த்தான், மேகத்தைப் பார்த்தான். "முந்நூறு கிலோமீட்டர் வீட்டுக்குப் போகணும். திங்கக்கெழம வேலைக்கும் போகணும்" என்று சொல்லிக் கைப்பட்டையைக் கழற்றினான். சற்று நேரத்தில் சிப்பாங் மழை பிடித்துக்கொண்டது. 2009-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தையே பாதியில் நிறுத்திப் பாதிப் புள்ளி கொடுக்க வைத்த மழை அது.

திரும்பும்போது டயரில் மறுபடி காற்று ஏற்றிக்கொண்டு அவன் ஓட்டினான். ஈப்போவில் இறங்கிப் பழைய சாலைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. முன்னால் ஒரு செம்பனை லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த ஓரிரு இடம் கிடைத்தும் அவன் முந்தவில்லை. எனக்கே பொறுமை போய்விட்டது, சொல்லவில்லை.

வாசலில் அக்கா கைவிளக்கோடு நின்றிருந்தார். மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காரைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்தார். சக்கரங்களில் படிந்திருந்த கறுப்புத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து மஞ்சள் துணியை அவிழ்த்தார்.

"ஒட்டுற டேப் இருக்கா?" என்றார்.