மஞ்சள் பட்டையும் கிடுவங்களும்

மொழியியல் மாணவர் எவரும் அறிந்த சோதனை ஒன்று உண்டு. 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், பறவை போன்ற ஓர் உருவத்தைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டி, அதற்கு 'வக்' என்று பெயரிட்டு, அதுவே இரண்டு இருந்தால் என்னவென்று சொல்வாய் எனக் கேட்டார். ஆங்கிலத்தில் அப்படியொரு சொல் இல்லை. யாரும் அதன் பன்மையை மனப்பாடம் செய்திருக்க வாய்ப்பும் இல்லை. சரியாகச் சொன்ன குழந்தை விதியை உள்வாங்கியிருக்கிறது என்று பொருள். தமிழில் 'கிடுவம்' என்று நாமே ஒரு சொல்லைப் புனைந்து கேட்டால், 'கிடுவங்கள்' என்று தயங்காமல் சொல்லும் ஐந்து வயதுக் குழந்தைக்கு, மகர ஈறு ஙகரமாகத் திரியும் என்பதை எந்த இலக்கண ஆசிரியரும் கற்பித்திருக்கமாட்டார்.

இந்தச் சோதனையை நான் மறுபடியும் நினைத்தது ஆய்வுக்கூடத்தில் அன்று. பீர்மேட்டில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்த கராத்தே பெல்ட் தேர்வில். என் அக்கா மகளும் மஞ்சள் பட்டைக்காக நின்றிருந்தாள். பிள்ளைகளில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து வந்தவர்கள். வரிசையாக நிறுத்தி, எண்ணிக்கை சொல்லச் சொல்ல, 'ஹெய்யான் ஷோடான்' என்னும் முதற் கட்டாவை எல்லோரும் ஒன்றாகச் செய்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பின்வரிசைப் பிள்ளைகளின் கண்கள் முன்வரிசையின் கால்களிலேயே இருந்தன. அவர்கள் செய்தது கட்டா அன்று, எதிரொலி.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அதைக் கவனித்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராக அழைத்து, மேடையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொன்னார். எண்ணிக்கை கிடையாது, முன்னால் ஆளும் கிடையாது. அதே கட்டா, அதே அசைவுகள். திசை மட்டும் வேறு. ஏறக்குறையப் பாதிப் பேர் இரண்டாம் திருப்பத்திலேயே நின்றுவிட்டார்கள். மண்டபத்தின் சுவரையும் கொடிக்கம்பத்தையும் அடையாளமாக வைத்துத் திரும்பப் பழகிய உடல்கள் அவை. எனக்கு அது அச்சு அசலாக 'கிடுவம்' சோதனையாகவே தெரிந்தது. புதிதாக எதையும் அவர் கேட்கவில்லை. பழகிய துணையை மட்டும் அகற்றினார். நல்ல பெல்ட் தேர்வுக்கு நான் தரும் முதல் அளவுகோல் இதுதான்.

பட்டைகளே வணிகத் தந்திரம் என்று எள்ளுவோர் உண்டு. வரலாறு அவ்வளவு எளிதன்று. 1882இல் கோடோகான் ஜூடோ பள்ளியை நிறுவிய ஜிகோரோ கானோதான் படிநிலை முறையையும் கறுப்புப் பட்டையையும் கொண்டுவந்தார். ஃபுனகோஷி அம்முறையைக் கராத்தேக்கு எடுத்துக்கொண்டு, 1924இல் முதல் 'டான்' தகுதிகளை வழங்கினார். மஞ்சள், பச்சை, நீலம் என்ற வண்ண வரிசை பரவியதில் 1930களில் பாரிசில் ஜூடோ கற்பித்த கவாய்ஷிக்குப் பெரும் பங்குண்டு. வெகுதூரத்தில் உள்ள கறுப்பை நோக்கி நடப்பவருக்கு இடையில் மைல்கற்கள் வேண்டும் என்பது நியாயமான எண்ணமே.

களரியில் பட்டை இல்லை. மெய்த்தாரியில் உடல் பதப்பட்ட பிறகே கோல்த்தாரி, அதன்பின் அங்கத்தாரி, வெறுங்கை. அடுத்த நிலைக்குச் செல்லும் நாளை ஆசான் தீர்மானிக்கிறார். அவர் நாள்தோறும் பார்ப்பவர் என்பதால் தனியாக ஒரு தேர்வுநாள் தேவைப்படுவதில்லை. இதைக் காட்டிக் கராத்தேயைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. ஆசானின் தீர்ப்பில் வெளியாள் கேள்வி கேட்க இடமில்லை என்ற குறை அங்கும் உண்டு. (சிலம்பத்தில் இந்தச் சிக்கலே குறைவு: கோல் உடலைத் தொட்டதா இல்லையா என்பதை ஊரே பார்த்துவிடும்.)

மொழித்தேர்வுத் துறையினர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: தேர்வு எப்படியோ, கற்பித்தலும் அப்படியே ஆகிவிடும். யாருமே தோற்காத தேர்வு நடக்கும் வகுப்பில், தேர்வுக்கு முந்தைய இரு வாரங்களில் மட்டுமே பயிற்சி நடக்கும். கற்பிப்பவரே கட்டணம் வாங்கி, அவரே தேர்வாளராகவும் அமரும் இடங்களில் இது மேலும் எளிது. அரைநாள் வேலையை விட்டுவிட்டு, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு மகளின் தேர்வைப் பார்க்க வந்து நிற்கும் தாய்க்கு, அந்த மஞ்சள் துணி எதற்குச் சான்று என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. தொகை செலுத்தப்பட்டது என்பதற்குச் சான்றென்றால், ரசீது போதுமே.

அதே வேளையில், தோற்கடிப்பதனாலேயே தேர்வு நல்லதாகிவிடாது. அன்று அந்தத் தேர்வாளர் செய்த இரண்டாவது காரியத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். தேறாத பிள்ளைகளைத் தனியே அமர்த்தி, எந்தத் திருப்பத்தில் எந்தக் கால் பிசகியது என்று ஒவ்வொருவருக்கும் காட்டினார். மூன்று மாதம் கழித்து, மறுகட்டணம் இல்லாமல், அந்தப் பகுதியை மட்டும் பார்ப்பதாகச் சொன்னார். பெற்றோர் முன்னிலையிலேயே சொன்னார்.

அக்கா மகள் தேறவில்லை. ஜீப்பில் வரும்போது பாம்பனாறு வரை பேசவே இல்லை. பிறகு, "சித்தி, எனக்குக் கட்டா தெரியும். ஜன்னல் பக்கம்தான் தெரியல" என்றாள். மொழியியலில் இதைவிடத் துல்லியமான ஒரு தரவுக் குறிப்பை நான் எழுதியதில்லை.

இப்போது மாலையில் லயத்து முற்றத்தில் பயிற்சி செய்கிறாள். ஒருமுறை தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து, அடுத்து சாலையைப் பார்த்து, பிறகு அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டைப் பார்த்து. மூடுபனி இறங்கி எதுவுமே தெரியாத நாளில், அதுதான் சுலபம் என்கிறாள்.