புற்றுக்காளானும் பக்கத்து வீடும்

புற்றுக்காளானைப் பயிர் செய்வது கறையான். மனிதர் அறுவடைக்கு மட்டும் வந்து நிற்பவர். சருகையும் மட்கிய கட்டையையும் தின்ற கறையான், அரைகுறையாகச் செரித்த எச்சத்தை மண்ணுக்கடியில் அடை அடையாகக் கட்டுகிறது. அடையில் பூஞ்சை இழை படர்ந்து, கடுகைப் போன்ற வெள்ளை உருண்டைகள் தோன்றும். அவற்றையும், பூஞ்சை பதப்படுத்திக் கொடுத்த பழைய அடையையும் கறையான் தின்று வாழ்கிறது. இந்த வேளாண்மைக்கு ஏறத்தாழ 3 கோடி ஆண்டு வயது. மனிதர் ஏர் பிடித்துச் சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

மழையில் மண் ஊறியதும் அடையிலிருந்து மொட்டு கிளம்பும். மண்ணைத் துளைக்க வேண்டியிருப்பதால் அதன் நுனி கூர்மையாகவும் கெட்டியாகவும் இருக்கும். தண்டின் அடி வேர்போல நீண்டு அடைவரை இறங்கியிருக்கும். பழகியவர்கள் வெடுக்கென்று பிடுங்காமல் விரலால் மண்ணை விலக்கி எடுப்பது அதனால்தான். இந்தப் பேரினத்துக்கு 1942இல் டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்ம். தென்னிந்தியாவில் கிடைக்கும் இனம் ஒன்றைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் விவரித்து, ஹெய்மின் பெயரையே அதற்குச் சூட்டினார். அந்தப் பெயரைச் சொல்லிக் கிராமத்தில் கேட்டால் காளான் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது ஊர்ப்பேச்சு. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பது வழக்கம். ஆனால் ஜப்பானின் இவாதே பல்கலைக்கழகத்தில் காளான் கட்டைகளுக்கு உயர் மின்னழுத்த அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தபோது விளைச்சல் கூடியது. சிரிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

காலையில் மொட்டாக இருப்பது வெயில் ஏறும்போது குடையாக விரியும். மறுநாள் புழு வைத்துவிடும். ஒரே புற்றில் கூடை கூடையாகக் கிளம்பினால் ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. அண்டை வீட்டு அன்பு என்று புகழப்படுவதில் பாதி, கெட்டுப்போகிற பண்டத்தின் அவசரம். நெல்லை யாரும் இப்படிக் கிண்ணத்தில் போட்டு வீடு வீடாகக் கொடுத்தனுப்பியதில்லை. காளான் போன கிண்ணமும் வெறுமனே திரும்பாது. முருங்கைக்கீரையோ நாலு கத்திரிக்காயோ அதில் வரும். பேச்சு வளரும், எந்தக் கொல்லையில் எவ்வளவு மழை என்பதுவரை போகும். ஒன்றுமட்டும் பேச்சில் வராது: முளைத்த இடம். அடுத்த ஆண்டும் அதே புற்றில் முளைக்கக் கூடியது என்பதால் காளானைக் கொடுப்பார்கள், இடத்தைக் காட்டமாட்டார்கள்.

வடசென்னையில், எண்ணூருக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி என்று வயல்கள் தொடங்கும் பக்கத்தில் புற்றுகளை அறிந்தவர்கள் இருளர் பழங்குடியினர். அவர்களுக்குப் புற்று ஒரே விளைச்சலுக்கான இடமன்று. முதல் மழை இரவில் ஈசல் புறப்படும்; புற்றருகே குழி வெட்டி விளக்கு வைத்தால் வந்து விழும். காளான் பிறகு வரும். ஈசலை வறுத்துத் தின்பதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கைப் படிக்கலாம். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர், பின்னாளில் ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலை பார்த்தவர். கறையான் கூட்டுக்குள் பூஞ்சை இருப்பதை எழுத்தில் முதலில் பதித்த அவர் கட்டுரை 1779இல் பெர்லினில் வெளிவந்தது. புற்றின் ஒரு பக்கம் புகை மூட்டி, மறுபக்கம் பானை வைத்து ஈசல் பிடிப்பதையும், மாவில் கலந்து பலகாரமாக்கி ஏழைகளுக்கு மலிவாக விற்பதையும் அவர் சொன்னதாக, கறையான்களை ஆராய்ந்த ஸ்மீத்மன் 1781இல் லண்டனில் எழுதினார். அளவு மீறினால் வயிற்றுக்கு ஆகாது என்ற மருத்துவரின் எச்சரிக்கையும் அதில் உண்டு.

கறையானும் காளானும் அண்டை வீடும் ஒரே இடத்தில் சந்திப்பது சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படையில். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது, 269 அடி. ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் புகழ வந்த பாட்டு. புகழ்வதற்கு முன் பாணன் தன் பழைய வறுமையைக் காட்டுகிறான். அடுக்களையில் அண்மையில் குட்டி போட்ட நாய். கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத முலையைக் கவ்வ, வலி பொறுக்காமல் அது குரைக்கிறது. கழிகள் சரிந்த பழஞ்சுவரைக் கறையான் அரித்திருக்கிறது. அந்தப் புழுதியில் காளான் பூத்திருக்கிறது. பசியில் இடை ஒடுங்கிய பெண் குப்பைமேட்டு வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு அவள் செய்யும் காரியம் கதவை அடைப்பது. அறியாதவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற நாணம். அடைத்த கதவுக்குப் பின்னால் பெரிய சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள்.

ஊர் வழக்கத்தை இந்தக் காட்சி தலைகீழாக்குகிறது. காளான் முளைத்த வீடு அக்கம்பக்கத்துக்குக் கிண்ணம் அனுப்பும் வீடு. இங்கே காளான் முளைத்திருந்தும் கதவு சாத்தப்பட்ட வீடு. கைக்கெட்டும் தூரத்தில் காளான் இருக்க, குப்பைமேட்டுக்குப் போய்க் கீரை கிள்ளுவானேன்? நத்தத்தனார் அதை உள்துளை உள்ள காளான் என்கிறார். புற்றுக்காளானின் தண்டு பெரும்பாலும் கெட்டியானது. எனவே சுவரில் பூத்தது தின்னத் தகாத வேறொன்று என்றும், அவளுக்கு அது தெரியும் என்றும் கொள்வதே பொருத்தம். உரைகள் இதற்குள் நுழைவதில்லை. பசித்த பெண்ணின் காளான் அறிவுக்கு யாராவது ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

வடசென்னைத் திருவொற்றியூரில் புற்று கோயிலுக்குள் இருக்கிறது. தியாகராஜசுவாமி கோயிலின் மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். ஆண்டு முழுவதும் கவசம் மூடியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் திறந்து, புனுகுச் சாம்பிராணித் தைலம் சார்த்துவார்கள். அந்த நாட்களில் மாட வீதிகள் நிரம்பி வழியும். தெருவோரப் புற்றுகளுக்கும் மஞ்சள் பூசி, பால் ஊற்றி, முட்டை வைத்து அம்மனாக்குவது வடசென்னையில் சகஜம். கும்பிடப்பட்ட புற்று தப்பித்தது. கும்பிடப்படாதது கிடங்குக்கும் சாலைக்கும் அடியில் போனது. தப்பித்த புற்றில் காளான் முளைத்தாலும் யாரும் பறிப்பதில்லை.

பறிக்காததே நல்லது என்று சொல்ல வேறு காரணமும் உண்டு. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் வந்தது. நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலி அதில் இருந்தது. காளான்கள் மண்ணிலுள்ள காட்மியம், ஈயம், பாதரசம் போன்றவற்றை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையவை. நல்ல காளானே ஆனாலும் இந்த மண்ணில் முளைத்தது நல்லதன்று.

அதே வடசென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கத்தில் காளானுக்குப் பதில் கிண்ணத்தில் போவது மீன். போட்டில் போனவர்களுக்குக் கறிக்கென்று கிடைக்கும் மீனில் ஒரு பிடி எதிர்வீட்டுக்கும் போகும். பண்டம்தான் மாறியிருக்கிறது, மாலைக்குள் தீர்க்க வேண்டிய நெருக்கடி அப்படியே இருக்கிறது.

நச்சுக்காளானைக் கண்டுபிடிக்க வெள்ளிக்காசு போடுவது, மஞ்சள் தடவுவது, அரிசியோடு வேகவைத்து நிறம் பார்ப்பது என்று பல சோதனைகள் புழங்குகின்றன. ஒன்றும் நம்பத்தக்கதல்ல. புல்தரையில் மழைக்குப்பின் வெள்ளைக் குடையாக விரியும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ், உண்பவருக்குக் கடும் வாந்தியும் பேதியும் தருவது. இளசாக இருக்கையில் உண்ணும் காளானைப் போலவே தோன்றும், முதிர்ந்த பிறகுதான் குடையின் அடிமடல் பச்சையாகும். கிராமத்தில் இதைப் பிரித்தறிவது சோதனையால் அன்று. இந்தப் புற்றில் போன ஆண்டும் பறித்துத் தின்றோம் என்று சொல்ல ஓர் ஆள் இருப்பதால். ஊர் மாறி வந்து குடியேறியவருக்கு அந்த ஆள் இல்லை. அவர் கடைக்குப் போவதே உத்தமம்.

கடையில் இருப்பது பெரும்பாலும் பொத்தான் காளானும் பால் காளானும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே-2 ரகப் பால் காளான் 30 டிகிரிக்கு மேலும் தாங்கும். சென்னை வெயிலுக்கு ஏற்றது. 200 கிராம் பொட்டலம் ஒரு வீட்டுக் குழம்புக்குச் சரியாக இருக்கும், கொடுத்தனுப்ப மிஞ்சாது. புற்றுக்காளானை இப்படிக் குடிலில் வளர்த்துச் சந்தைக்கு அனுப்பும் முறை இன்னும் கைகூடவில்லை. அதற்குக் கறையான் வேண்டும்.